மூச்சுக் குழாயில் குளவி

ஹாங்கருக்குள் யாரும் ஓடக்கூடாது. விமானங்களை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் அந்தப் பெரிய தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். வேகமாகச் சுற்றுகிற ப்ரொபெல்லர் கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிறவன் நேரே அதற்குள் போய்விடுவான். கொட்டகை தீப்பிடித்தால்கூட வேகமாக நடக்கலாமே தவிர ஓடக்கூடாது என்பார் எங்கள் கேப்டன்.

அதனால்தான் அன்று காலை சுடலைமுத்து கேட்டிலிருந்து ஓடி வருவதைப் பார்த்தவுடனே நான் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

சுடலைமுத்து எங்கள் ஃபிட்டர்களில் ஒருவன். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் குடியிருந்தான். நிதானத்துக்குப் பேர்போனவன். அவன் ஒரு நட்டை முடுக்கி முடிப்பதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லாமல் ஓடி வந்து, ஹாங்கரின் கோடியில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு நின்றான். தரையில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

"சார், இங்க நின்ன வண்டி எங்க?"

விமானத்தை அவன் வண்டி என்றுதான் சொல்வான்.

"கௌரி எடுத்துண்டு போயிருக்கா. இப்பத்தான் கிளம்பினா," என்றேன்.

கௌரி என் மகள். எங்களுக்கு ஒரே குழந்தை.

அவன் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முன் அவன் என்னைத் தொட்டதில்லை.

"எறக்குங்க சார். பாப்பாவ உடனே எறக்குங்க."

இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். இதை எழுதும்போதும் நடுநடுவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கௌரி அடுத்த அறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளைத் துணி

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய காரியம் புரியாது.

நான் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவன். மாதுங்காவில் குடித்தனம். எங்கள் மனிதர்கள் இங்கே பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்தவர்கள். பகலெல்லாம் டைப்ரைட்டர், சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளில் காய்கறி, முடிந்தால் ஒரு கச்சேரி. நான் ஒருவன்தான் என்ஜினீயரிங் டிப்ளமா படித்துவிட்டு, புறநகரில் கடலை ஒட்டி இருந்த ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில் இன்ஜின் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் பெட்ரோல் வாடை போகாது. நான் மாமனார் வீட்டுக்குப் போனால், "அத்திம்பேர் வந்தாலே ரேஷன் கடை மண்ணெண்ணெய் க்யூ ஞாபகம் வர்றது" என்பான் என் மைத்துனன்.

சின்ன விமானத்தின் இன்ஜின் ஒன்றும் பிரமாண்டமான சமாசாரமல்ல. நாலே சிலிண்டர். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். இத்தனை மணி நேரம் பறந்தாயிற்று என்றால் அதைக் கழற்றி, அக்கக்காகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். பூட்டியதும் விமானத்தில் வைத்துவிட மாட்டோம். ஹாங்கரின் பின்புறம் ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதில் மாட்டி, முதலில் மெதுவாக, பிறகு படிப்படியாக வேகம் கூட்டி ஓட்டிப் பார்ப்போம். நாள் முழுக்க ஓடும். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டிடத்தில் தீப்பொறி வரும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். சோதனையின்போது ஒன்றை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்போம். இரண்டு பேர் சேர்ந்து பாடுகிற கச்சேரியில் ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தினால் எப்படி இருக்கும்? பாட்டு நிற்காது. ஆனால் சற்று மெலியும். அந்த அளவு மெலிந்தால் சரி. அதற்கு மேல் தொய்ந்தால் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

கடைசியில் எண்ணெயை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் பிடித்துப் பார்ப்போம். உள்ளே எங்காவது உலோகம் உரசிக்கொண்டிருந்தால் துணியில் பொடிப் பொடியாக மின்னும். இதற்குப் புதுத் துணி உதவாது. பஞ்சு விடும். துவைத்துத் துவைத்து நைந்த வேஷ்டிதான் வேண்டும். என் மனைவி மங்களம் என் பழைய வேஷ்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து அடுக்கித் தருவாள். சமயத்தில் கிழியாத வேஷ்டியும் அதில் போய்விடும்.

துணியில் ஒன்றும் மின்னாத நாளில் எனக்கு நல்ல பசி எடுக்கும்.

பெண்ணும் ஆகாசமும்

கௌரி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அரை நாள் பள்ளி. மங்களம் டப்பாவைக் கொடுத்து ரயிலேற்றிவிடுவாள். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் திரும்பியதே இல்லை. கேப்டன் பெஸ்தன்ஜிக்கு அவளை மிகவும் பிடிக்கும். பார்ஸிக்காரர், தலைமைப் பயிற்சியாளர், குழந்தை இல்லாதவர். ஒரு சனிக்கிழமை அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். இறங்கியபோது இவள் முகத்தைப் பார்த்தவுடனே, இனி என் பேச்சு எடுபடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காலேஜ் படிப்போடு பறக்கவும் கற்றுக்கொண்டாள். ஊழியர் வீட்டுக் குழந்தை என்று கேப்டன் சலுகை காட்டினார். மாதுங்காவில் எங்களைப் பேசாதவர்கள் கிடையாது. காய்கறிக் கடையில் ஒரு மாமி மங்களத்தை எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "உங்காத்துப் பொண்ணுக்கு மாப்பிள்ளை என்ன, மேலேருந்து குதிப்பானா?" மங்களம் அசராமல் முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "குதிச்சா உங்காத்து மொட்டை மாடியிலதான் குதிப்பான். கொஞ்சம் காபி குடுத்து அனுப்புங்கோ," என்றாளாம்.

வெளியில் அப்படிப் பேசுவாளே தவிர, கௌரி பறக்கிற நாளில் மங்களம் விளக்கேற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்த வசதி கிடையாது. நான் கீழே நின்று பார்க்க வேண்டும். பறப்பது என் மகள். அவளைத் தூக்கிக்கொண்டு போவது நான் பூட்டிய இன்ஜின். எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலைக்கு நானே பொறுப்பு.

அவள் லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மழை விட்ட வாரம்

கணபதி விசர்ஜனம் முடிந்திருந்தது. இன்னும் மழை முழுதாக விடவில்லை. கௌரி எடுத்துப்போன விமானத்தின் இன்ஜினைப் புதுப்பித்து, சட்டத்தில் ஓட்டி, வெள்ளைத் துணி பார்த்து, விமானத்தில் பூட்டியிருந்தோம். கேப்டனே ஒரு முறை பறந்து பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார். அதன்பிறகு மேகம் இறங்கிவிட்டது. நாள் கணக்கில் யாரும் பறக்கவில்லை. வண்டி ஹாங்கரின் கோடியில் நின்றது.

விமானத்தின் பெட்ரோல் டாங்கிக்கு ஒரு மெல்லிய குழாய் உண்டு. இறக்கைக்குக் கீழே வாய் வைத்திருக்கும். நாங்கள் அதை மூச்சுக் குழாய் என்போம். எண்ணெய் டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். கொஞ்சம் கொட்டும், பிறகு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டால்தான் தாராளமாக விழும். டாங்கிக்கு அந்த இரண்டாவது ஓட்டைதான் மூச்சுக் குழாய். அது அடைத்துக்கொண்டால் தரையில் ஒன்றும் தெரியாது. இன்ஜின் நன்றாகவே கிளம்பும், நன்றாகவே மேலே போகும். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்ரோல் வராமல் நின்றுவிடும். டாங்கி நிறைய இருந்தாலும் நின்றுவிடும்.

மழை சற்று ஓய்ந்த ஒரு நாள், மண் குளவி ஒன்று அந்தக் குழாய்க்குள் போவதையும் வருவதையும் சுடலைமுத்து பார்த்திருக்கிறான். வாயில் ஈர மண் உருண்டையோடு போகும், வெறும் வாயோடு வரும். குழாயின் ஆழத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குழாயின் வாய் சுத்தமாகத்தான் இருக்கும். கிளம்புமுன் கௌரியும் குனிந்து பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு கம்பியை விட்டு இரண்டு குத்துக் குத்தினால் தீர்ந்தது. அவன் குத்தவில்லை.

குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும், அதைக் கலைக்கக்கூடாது என்ற நம்பிக்கையை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கௌரி வயிற்றில் இருந்தபோது எங்கள் ஜன்னல் சட்டத்தில் குளவி கட்டிவிட்டதால் அந்த ஜன்னலை மங்களம் மாதக்கணக்கில் சாத்தவிடவில்லை. மழைச்சாரல் அடித்துப் படுக்கையெல்லாம் நனைந்தது. சுடலைமுத்துவின் மனைவிக்கு அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இந்த முறை நிறைமாதம். அவன் கண் முன்னால், அவன் வேலை செய்கிற இடத்தில், குளவி கட்டுகிறது. வண்டிதான் பறக்கவில்லையே, பறக்கிற அன்று வேறு யாரையாவது விட்டுக் கலைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அன்று விடியும்போது அவளுக்கு வலி கண்டுவிட்டது. தாராவிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவனுக்கு எதிர்ச் சுவரில் வெயில் விழுவது தெரிந்திருக்கிறது. பல நாள் கழித்து வந்த வெயில். இன்றைக்கு வண்டிகளை வெளியே தள்ளுவார்கள் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. மனைவியை உள்ளே விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

பச்சை விளக்கு

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அந்த நிமிஷம் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"மூச்சுக் கொழாய்க்குள்ள குளவி கட்டியிருக்கு சார். நான் பாத்தேன். கலைக்க கை வரல."

எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது. அடிக்க நேரமில்லை. அன்று காலை டாங்கியை விளிம்புவரை நிரப்பியிருந்தோம். நிரம்பிய டாங்கியில் காற்றுக்கு இடம் குறைவு. இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கௌரி கடலுக்கு மேல் போய் வளைவுகள் பழகிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். எங்கள் விமானங்களில் ரேடியோ கிடையாது. மேலே போனவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால், நாலு கால் மேல் நிற்கிற டவர் அறையிலிருந்து விளக்குக் காட்ட வேண்டும்.

ஆபத்து என்ற சொல் பரவிய மாத்திரத்தில் வாட்ச்மேன் கன்பத் பெட்ரோல் ஷெட்டிலிருந்து சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுபாதைக்கு ஓடினான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். பம்பாயில் ரயிலை நிறுத்திப் பழகியவர்கள். ஆபத்து என்றால் சிவப்பு. ஆனால் மேலே பறக்கிறவருக்குச் சிவப்பு என்றால் இறங்காதே, சுற்றிக்கொண்டே இரு என்று பொருள். அவள் அதற்குக் கீழ்ப்படிந்தால் தீர்ந்தது.

"லால் நஹி, கன்பத், லால் நஹி," சிவப்பு கூடாது என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். கொடியை அவன் கையிலிருந்து பிடுங்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். 

கேப்டன் டவர் ஏணியில் ஏறியது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது அவரே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பச்சை. விட்டு விட்டு மின்னும் பச்சை. திரும்பி வா.

கடல் பக்கம் ஒரே மங்கல். அதில் ஒரு புள்ளி. புள்ளி போய்க்கொண்டே இருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்தால்தானே விளக்குத் தெரியும். எனக்கு இன்ஜினின் சத்தம் லேசாகக் கேட்டது. நாள் முழுக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்ட சத்தம். எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது நன்றாக ஓடுகிறதே என்று அதன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

புள்ளி ஒரு பக்கம் சாய்ந்தது. இறக்கை பளிச்சென்றது. திரும்பிவிட்டாள்.

கரையோரத் தென்னை மரங்களைத் தாண்டும்போது இன்ஜின் இருமியது. ஒரு முறை பிடித்துக்கொண்டு, மறுபடி இருமி, நின்றுவிட்டது. அந்த அமைதியை நான் எழுதப் போவதில்லை. டவருக்கு மேலிருந்து கேப்டனின் குரல் மட்டும் கேட்டது. அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே இருந்தார்: "நாக் நீச்சே, பேட்டி. நாக் நீச்சே." மூக்கைக் கீழே வை மகளே என்கிறார். பயந்து மூக்கைத் தூக்கினால் வேகம் போய்க் கல்லைப் போல் விழுந்துவிடும்.

அவள் மூக்கைக் கீழேதான் வைத்திருந்தாள். வேலியைத் தாண்டி, ஓடுபாதைக்கு முன்னால் இருந்த ஈரப் புல்லில் சக்கரம் பட்டு, ஒரு குதி குதித்து, சேற்றை வாரி அடித்துக்கொண்டு உருண்டு வந்து நின்றது. ப்ரொபெல்லர் சாய்வாக, அசையாமல் இருந்தது.

ரப்பர் துண்டு

கதவைத் திறந்துகொண்டு இறங்கியவளுக்கு ஒன்றும் தெரியாது. முகம் சிவந்து கோபமாக இருந்தாள்.

"எதுக்குப் பச்சை காட்டினேள்? இப்பத்தான் போனேன். அதுவும் போறாதுன்னு உங்க இன்ஜின் என்னை அந்தரத்துல விட்டுடுத்து, அப்பா."

நான் இறக்கையைத் தாங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுடலைமுத்துதான் முன்னால் வந்து சொன்னான். மனைவிக்கு வலி கண்டது உட்பட எதையும் குறைக்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னான். அவள் குனிந்து குழாயைப் பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். 

"ஆத்துக்காரிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியல பாப்பா. விட்டுட்டு வந்துட்டேன்."

கேப்டன் கீழே இறங்கி வந்து, அவன் கையில் ஒரு கம்பியைத் திணித்து, குத்து என்றார். சுடலைமுத்து கம்பியை வாங்கினான். குழாயின் வாய்வரை கொண்டுபோனான். அதற்கு மேல் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி எப்படி இருக்கிறாளோ. கேப்டனுக்குக் குளவி நம்பிக்கை தெரியாது.

கம்பியை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் என் குழந்தை உயிரோடு எதிரில் நிற்கும்போது, அந்தக் கூட்டைக் குத்த எனக்கும் கை வரவில்லை. மூச்சுக் குழாயின் நுனியில் ஒரு சாண் ரப்பர் குழாய்த் துண்டு உண்டு. கூடு அதற்குள்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த வளையத்தைத் தளர்த்தி, அந்தத் துண்டை முழுசாகக் கழற்றி எடுத்தேன். ஸ்டோரிலிருந்து புதுத் துண்டு ஒன்றை வரவழைத்து மாட்டினேன். பழையதைக் கொண்டுபோய் ஹாங்கரின் பின் சுவரில், வெயில் படாத இடத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டேன். குளவி வெளியே வந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

கேப்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு குத்தில் முடிகிற காரியத்துக்கு இன்ஜினீயர் ஏன் பாகம் மாற்றுகிறார் என்று நினைத்திருப்பார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போக, தன் காரை எடுக்கச் சொன்னார்.

சுடலைமுத்துவை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும் என்று பிறகு பேச்சு வந்தது. கேப்டன்தான் மறுத்தார். வாயைத் திறந்தவனை அனுப்பினால் அடுத்தவன் வாயை மூடிக்கொள்வான் என்றார். கௌரி மறுநாளே மறுபடி பறந்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க நினைத்தேன். இப்போதெல்லாம் அவள் கிளம்புமுன் டாங்கியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, மூச்சுக் குழாயில் வாயை வைத்து நானே ஊதிப் பார்க்கிறேன். உள்ளே பெட்ரோல் களகளவென்று கொப்பளிக்கிற சத்தம் கேட்க வேண்டும். "அப்பா மகுடி வாசிக்கறார்," என்பாள். சிரிக்கட்டும்.

ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை.

கேப்டனின் காரில் நானும் சுடலைமுத்துவும் போனோம். வழியெல்லாம் அவன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பிரசவ வார்டு வாசலில் ஒரு நர்ஸ் எங்களை மறித்தாள். மலையாளப் பெண். பெண் குழந்தை பிறந்து வெகு நேரமாயிற்று, இருவரும் சௌக்கியம் என்று சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவள் அவனை விடவில்லை. வலியில் துடிக்கிறவளை விட்டுவிட்டு எங்கே போய்விட்டாய், இப்படியும் ஒரு புருஷனா, அவள் உன்னைக் கேட்டுக் கேட்டு அழுதாள் என்று பொரிந்து தள்ளினாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, சாயங்காலம் வா என்றாள். அவள் மலையாளமும் ஹிந்தியும் கலந்து பேசியது அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். 

நான் மலையாளத்திலேயே சொன்னேன். இவன் என் மகளைக் காப்பாற்றப் போயிருந்தான், சிஸ்டர் என்றேன்.

அது முழு உண்மை இல்லை. பொய்யும் இல்லை.  அவள் என்னைப் பார்த்தாள். எண்ணெய்க் கறைச் சட்டை, முழங்கால் வரை சேறு. கண்ணையும் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து, செருப்பை வெளியே வைக்கச் சொல்லி, எங்கள் இருவரையும் உள்ளே விட்டாள்.